பழனி ஒன்றில் தொடங்கிய நாள்

விபூதி ஒட்டியிருந்த ஆள்காட்டி விரல் ஒன்று என் லேப்டாப் திரைக்கு முன்னால் வந்து நின்றது. திரையைத் தொடவில்லை. வேலுச்சாமி ஐயா அடுத்தவர் பொருளை அனுமதியில்லாமல் தொடமாட்டார். தொடாமலேயே அதை மாற்ற வைக்கும் ஆற்றல் அவருக்கு உண்டு.

"ஏனுங்க அம்மிணி, இதென்னுங்க எடுத்த எடுப்புலயே சைபர்? அதும் ஒண்ணில்லீங்க, நாலு நிக்குது."

நானும் குனிந்து பார்த்தேன். ORG 0000H என்று இருந்தது. உண்மைதான், நாலு பூஜ்யம். இருபது வருடமாக அந்த வரியை எழுதி வருகிறேன். ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

பூஜைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பல்லடம் சாலையில் பொங்கலூரைத் தாண்டி உள்ளே போகும் மண் பாதையில் அவருடைய ஷெட். ஊதுபத்திப் புகையும் மிஷின் எண்ணெய் வாசமும் சேர்ந்து மூக்கை அடைத்தன. வாழையிலையில் பொரியும் கடலையும் குவிந்திருந்தன. மிஷினுக்கு மாலை போட்டாகிவிட்டது. நான் ஒரு நூல் கோன் பெட்டியின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு என்று ஞாபகம். எந்த வருடம் என்று கேட்காதீர்கள். முகக்கவசத்தைச் சிலர் தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த காலம்.

என் தொழில், கேட்டவர்களுக்காக

போன வாரம் பற்றவைப்புக் கோலால் விரலைச் சுட்டுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு மூன்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அது சரி, உங்கள் தொழில்தான் என்ன என்று கேட்டிருந்தார்கள். பதினோரு வாரமாக நான் என்ன எழுதிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

திருப்பூரில் துணி பின்னும் மிஷின் வட்டமாக இருக்கும். சுற்றிலும் அடுக்கிய கோன்களிலிருந்து நூல்கள் இறங்கும். நடுவில் நூற்றுக்கணக்கான ஊசிகள் சுற்றிக்கொண்டே பின்னும். கீழே குழாய் போலத் துணி இறங்கும். அதுதான் பிற்பாடு உங்கள் பனியன்.

இந்த மிஷின்களில் பாதி, வெளிநாட்டில் யாரோ போதும் என்று தள்ளிவிட்டவை. நாம் வாங்கி, பொட்டு வைத்து, இன்னும் இருபது வருடம் ஓட்டுவோம். நடுவில் அதன் மூளை, அதாவது கண்ட்ரோல் போர்டு, செத்துப்போகும். செய்த கம்பெனிக்காரனைக் கேட்டால் புது மிஷின் வாங்கச் சொல்வான். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். நான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து புது போர்டு செய்து தருகிறேன். ஊருக்குள் எனக்கு போர்டு பாத்திமா என்று பெயர். பட்டம் யாரும் விழா எடுத்துக் கொடுக்கவில்லை, தானாக வந்தது.

போர்டில் நான் வைக்கும் சிப்புக்குப் பெயர் 8051. ஏறக்குறைய என் வயது. இரண்டு பேரையும் இந்நேரம் யாராவது மாற்றியிருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறோம், சொன்னதைச் செய்கிறோம் என்பதால் விட்டு வைத்திருக்கிறார்கள்.

வாளி தூக்காத மனிதர்

இந்தச் சிப்புக்கு எழுதும் வரிகளில் பெரும்பாலானவை வேலை வரிகள். இதை எடு, அதோடு கூட்டு, அங்கே போ. இவற்றைச் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றி வரிசையாக அறைகளில் அடுக்குவது அசெம்ப்ளர் என்ற மென்பொருள்.

நடுநடுவே வேறு சில வரிகள் வரும். அவை அசெம்ப்ளருக்கே நாம் போடும் உத்தரவுகள், சிப்புக்கு அவற்றோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. அடுத்து வருவதை இன்ன எண் அறையிலிருந்து அடுக்கு என்பதற்கு ORG. இந்த எண்ணுக்கு இனிமேல் இந்தப் பெயர் என்பதற்கு EQU. முடிந்தது, இதற்குக் கீழே எதையும் படிக்காதே என்பதற்கு END. இவற்றை டைரக்டிவ் என்பார்கள்.

கல்யாணப் பந்தியில் ஒருவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, நீங்க இங்க உக்காருங்க, நீங்க அந்த வரிசைக்குப் போங்க என்று கையைக் காட்டிக்கொண்டே நிற்பாரே, அவர்தான் டைரக்டிவ். ஒரு வாளி தூக்கமாட்டார். ஒரு இலைக்கு உப்பு வைக்கமாட்டார். சாப்பாடு முடிந்தபின் அவர் இருந்ததற்குத் தடயமே இருக்காது. ஆனால் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சண்டை வந்தது என்று விசாரித்தால் காரணம் அவராகத்தான் இருப்பார்.

பாலிடெக்னிக்கில் எங்கள் லேப் கிட்டுக்கு ORG 8000H என்று தொடங்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். ரெகார்டு நோட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார் வாத்தியார். அதற்கு முந்தைய வருட ரெகார்டு நோட்டிலும் அப்படித்தான் இருந்தது. மூன்று வருடம் முழு வகுப்பும் அந்த வரியை பக்தியோடு எழுதித் தேறினோம். இப்படிப் படித்து வந்த நான், பின்னால் ஒரு முதலாளியின் நம்பிக்கையைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன் என்றால் என் துணிச்சலை என்னவென்பது.

நூற்றியொன்று

வேலுச்சாமி ஐயாவிடம் ஆறு மிஷின்கள். அறுபடை வீட்டின் பெயர்களைத்தான் வைத்திருந்தார். ஷெட்டுக்குள் போனால், செந்தூர்ல நூல் தீர்ந்துபோச்சு, தணிகையில எண்ணெய் ஒழுகுது என்று காதில் விழும். புதிதாக வந்தவர்கள் ஏதோ தேவஸ்தான அலுவலகம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதில் பழனியின் போர்டுதான் செத்திருந்தது. முதலில் அதற்குச் செய்து கொடுங்கள், பிடித்திருந்தால் மற்ற ஐந்துக்கும் நீங்களே என்று சொல்லியிருந்தார். அவரைக் குளிர்விக்க, நான் EQU போட்டு மிஷின் எண்ணுக்கு PALANI என்றே பெயர் வைத்திருந்தேன். அதைக் காட்டிப் பாராட்டு வாங்கத்தான் அன்றைக்கு லேப்டாப்பைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருந்தால் இந்த வாரம் உங்களுக்குக் கதையே இல்லை.

அவர் PALANI என்ற இடத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த வரியில் கண் பூஜ்யத்தில் நின்றுவிட்டது.

சிப்பு விழித்ததும் பூஜ்ய எண் அறைக்குத்தான் போகும், அது சிப்பைச் செய்தவர்கள் வைத்த சட்டம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவிங்க முறை அவிங்களுக்குங்க. மொய் வெச்சாக்கூட நாம நூத்தியொண்ணுதானுங்களே வெக்கறோம். சைபர்ல ஆரம்பிச்சா சைபர்ல முடியும். ஒண்ணுல ஆரம்பிச்சுப்போடுங்க, சாமி."

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் அத்தா காதர்பேட்டையில் முப்பத்தைந்து வருடமாக பனியன் மொத்த வியாபாரம் செய்கிறார். 786 என்று முடியும் நோட்டு கைக்கு வந்தால் செலவு செய்யமாட்டார், பர்ஸின் உள்ளறைக்குள் போய்விடும். பஸ் டிக்கெட்டைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். எண்களை வணங்கும் வீட்டிலிருந்து வந்தவள், பக்கத்து வீட்டு எண்ணைப் பழிக்கலாமா?

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அறிவு அதிகம். பூஜ்ய அறையைக் காலியாக விட்டால் அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்றுக்கும் உதவாத, ஒன்றையும் கெடுக்காத ஒரு சின்ன வேலை. சிப்பு அதைச் செய்துவிட்டு அடுத்த அறைக்கு, அதாவது ஒன்றுக்கு, தானாகவே நகர்ந்துவிடும். ஆக ஒன்றில் வைத்தாலும் ஓடும். இது எத்தனை பேருக்குத் தெரியும் இந்த ஊரில் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ORG 0001H என்று மாற்றினேன். அசெம்ப்ளர் வேலையை முடித்துவிட்டு, பிழைகள் பூஜ்யம், எச்சரிக்கை ஒன்று என்று காட்டியது. பிழைகள் பூஜ்யம் என்பதை மட்டும் படித்தேன். அந்த பூஜ்யம் எனக்கு ரொம்ப மங்களகரமாகப் பட்டது.

இன்னொரு காரியமும் செய்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கோப்பின் கடைசியில், END என்ற வரிக்குக் கீழே, "ஒன்றில் தொடங்கியது முதலாளி விருப்பம், நான் பொறுப்பல்ல" என்று தட்டி வைத்தேன். END-க்குக் கீழே இருப்பதை அசெம்ப்ளர் படிக்காது. யாருமே படிக்காத இடத்தில் என் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு, நிம்மதியாக போர்டில் ஏற்றினேன்.

நூலை அறுக்கக் கூடாத வேளை

போர்டின் வேலைகளில் தலையாயது நிறுத்துவது. ஒவ்வொரு நூலும் ஒரு சின்னக் கம்பியை அழுத்திக்கொண்டு போகும். நூல் அறுந்தால் கம்பி விழும். கம்பி விழுந்த நொடியில் போர்டு மிஷினை நிறுத்தி சிவப்பு விளக்கைப் போட வேண்டும். நிறுத்தாவிட்டால் ஊசிகள் ஒன்றுமில்லாததைப் பின்னும். துணி ஊசியிலிருந்து கழன்று மொத்தமாகக் கீழே விழும். ஊசிகள் உடையும்.

முந்தின நாள் என் அறையில் பத்து முறை சோதித்திருந்தேன். பத்து முறையும் நின்றது. அது பூஜ்யத்தில் தொடங்கிய நிரல். ஒன்றுக்கு மாற்றியபின் மறுபடி சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எழுந்து போய் ஒரு நூலைப் பிடிக்கவும் பிடித்தேன்.

"ஐயையோ, என்னுங்க பண்றீங்க" என்று ஐயா ஓடி வந்தார். தேங்காய் உடைத்து முதல் துணி இறங்கப் போகிற நேரத்தில் நூலை அறுப்பதாவது? அறுப்பது என்ற சொல்லையே அன்றைக்கு ஷெட்டுக்குள் யாரும் சொல்லவில்லை. நல்ல நேரம் முடிய ஏழு நிமிடம்தான் இருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

கற்பூரம் காட்டினார்கள். பழனி சுற்ற ஆரம்பித்தது. அழகாகச் சுற்றியது. ஐயா எனக்குச் சந்தனம் கொடுத்து, இனிமேல் நூல் அறுந்தால் அதுவே நின்றுகொள்ளும், நீ பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை என்று ஓட்டுகிறவரிடம் என் முன்னாலேயே சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

ஓட்டுகிறவர் பெயர் முத்துராசு. கமுதிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். மனைவி செல்வி அதே ஷெட்டில் துணியில் ஓட்டை பார்க்கும் மேசையில் வேலை செய்தார். ஷெட்டுக்குப் பின்னால் ஐயா கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தார்கள். வேலை இருக்கும் வரைக்கும்தான் அந்த அறை.

வடை ஆறுவதற்குள்

பிரசாத வடைப் பொட்டலத்தோடு நான் என் அறைக்கு வந்தேன். மத்தியானம் மூன்று மணி வாக்கில் போன் வந்தது. பழனியில் துணி விழுந்துவிட்டது என்றார்கள்.

போய்ப் பார்த்தால் பழனிக்கு அடியில் துணி ஈரச் சேலை மாதிரி சுருண்டு கிடந்தது. மாலை மட்டும் வாடாமல் அப்படியே இருந்தது. ஐயா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, என் மீது ஒரு குற்றமும் இல்லை என்று அவராகவே சொல்லிவிட்டார். வடை பாயசத்தோடு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஆள் கோன் பெட்டியில் உட்கார்ந்து தூங்கிவிட்டானாம். நூல் அறுந்ததைப் பார்க்கவில்லையாம். கணக்கை முடித்து அனுப்பச் சொல்லியாகிவிட்டது, இன்று சாயங்காலத்துக்குள் அறையையும் காலி செய்துவிடுவான், நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளாமல் மற்ற ஐந்து போர்டையும் ஆரம்பியுங்கள் என்றார்.

உங்களுக்கு இந்த ஊரைப் பற்றித் தெரியாதென்றால் ஒன்று சொல்ல வேண்டும். மிஷின் ஓட்டுகிறவன் குடிக்கலாம், சண்டை போடலாம், தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வரலாம். எல்லாம் மன்னிக்கப்படும். தூங்குகிற ஆள் என்று பெயர் வந்தால் மட்டும் அவிநாசியிலிருந்து பல்லடம் வரை ஒரு ஷெட்டிலும் மிஷினைக் கையில் கொடுக்கமாட்டார்கள்.

பழனிக்குப் பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். சின்னக் கம்பியை விரலால் சுண்டினேன். சிவப்பு விளக்கு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. இன்னொரு கம்பியைச் சுண்டினேன். அதற்கும் எரியவில்லை. திரும்பினால் முத்துராசு நின்றுகொண்டிருந்தார்.

"நாந் தூங்கலக்கா. செந்தூருக்குக் கோன் மாத்திக்கிட்டு இருந்தேன். சத்தம் மாறவும் ஓடியாந்தேன், லைட்டே எரியல. சொன்னா நம்ப மாட்டேங்குறாக. நீங்க பாத்தீகள்ல?"

"பாக்கறனுங்க" என்றேன்.

ஆமாம் என்பதும் இல்லை என்பதும் இல்லாத அந்தப் பதிலை எங்கிருந்து கற்றேன் என்று தெரியவில்லை. யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை அது.

ஒரு டீ

ஆபீஸ் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். காரணம் வேறு எதுவாகவாவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே திறந்தேன். பஞ்சுத் தூசி அடைத்திருக்கலாம். வயர் கழன்றிருக்கலாம். எலி கடித்திருக்கலாம். திருப்பூரில் எலிக்கு எவ்வளவு நல்ல பெயர்.

காலையில் படிக்காமல் விட்ட எச்சரிக்கை அங்கேயே காத்திருந்தது. மூன்றாம் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றது.

விஷயம் இவ்வளவுதான். இன்ன அறைக்குப் போய்த் தொடங்கு என்ற கட்டளைக்கு மூன்று அறை வேண்டும், கடைசி அறையில் அந்த விலாசத்தின் வால் இருக்கும். பூஜ்யத்தில் வைத்தால் பூஜ்யம், ஒன்று, இரண்டு. மூன்றாம் அறை இந்தச் சிப்பில் பிறக்கும்போதே வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டது. நூல் அறுந்த சேதி வந்தால் சிப்பு நேராக மூன்றாம் அறைக்குத்தான் ஓடிவரும். நான் தொடக்கத்தை ஒன்றுக்குத் தள்ளியதும் அது ஒன்று, இரண்டு, மூன்று என்று உட்கார்ந்துவிட்டது. பின்னால் வந்தவர் அதன் வாலை எழுப்பிவிட்டு மூன்றில் உட்கார்ந்தார். வால் போனதால், எங்கே போய் வேலையைத் தொடங்க வேண்டும் என்ற விலாசம் இரண்டு அறை தள்ளி மாறிவிட்டது.

தாண்டப்பட்ட அந்த இரண்டு அறைகளில் ஒரே ஒரு கட்டளை இருந்தது. நூல் அறுந்த சேதிக்குக் காதைத் திற என்ற கட்டளை.

அதாவது பழனி காலையிலிருந்து செவிடாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணு மூக்கெல்லாம் சரியாக இருந்ததால் எல்லோரும் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தோம். பூஜ்ய அறையைப் பற்றி யோசித்த மகா அறிவாளிக்கு மூன்றாம் அறை ஞாபகம் வரவில்லை.

அப்போது கதவைத் தட்டிவிட்டு முத்துராசு உள்ளே வந்தார். கையில் டீ. வேலையை விட்டு அனுப்பப்பட்ட மனிதர், வந்திருக்கும் விருந்தாளிக்கு யாரும் டீ கொடுக்கவில்லை என்பதைக் கவனித்து வாங்கி வந்திருந்தார். என் திரையைப் பார்த்தார். அவருக்கு அது புரியாது. என் முகத்தைப் பார்த்தார். அது புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். டீயை வைத்துவிட்டுப் போனார்.

நான் அந்த டீயைக் குடித்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தேன். குடிக்கும்போது என்னென்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலாளியே என்னை விட்டுவிட்டார், நானாகப் போய் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். இரவோடு இரவாகச் சரி செய்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். END-க்குக் கீழே எழுதிய வரி கண்ணில் பட்டது. நான் பொறுப்பல்ல. கேட்டால் இதைக் காட்டலாம் என்றும் நினைத்தேன். ஒரு டீ குடிக்கும் நேரம் நான் முழுக் கெட்டவளாக இருந்தேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

காலி கிளாஸோடு வெளியே வந்தேன். முத்துராசு ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மேசையில் செல்வி தலை நிமிராமல் துணியை இழுத்து இழுத்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கும் கையாலேயே துணியையும் நகர்த்தினார்.

அந்நேரம் செந்தூர் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் போர்டு கிழடு, ஆனால் காது கேட்கும். முத்துராசு பையைக் கீழே வைத்தார். போய் அறுந்த நூலின் இரண்டு முனையையும் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டு, வாயால் ஊதிப் பஞ்சைத் தள்ளிவிட்டு, மிஷினை ஓடவிட்டார். பிறகு திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டார்.

அவரை யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்ய வேண்டாம் என்று சொல்லி ஒரு மணி நேரமாகிவிட்டது.

தூங்கியது யார்

ஐயா நாலைந்து ஆட்களோடு பழனி அருகே நின்று உடைந்த ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தூங்குனது அவரில்லீங்க. நான்" என்றேன்.

"நீங்க எங்கீங்க தூங்குனீங்க? நீங்கதான் கடைக்குப் போயிட்டீங்களே" என்றார். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே குழம்பியிருந்தார்.

கம்பியைச் சுண்டிக் காட்டினேன். விளக்கு எரியாததை எல்லோரும் பார்த்தார்கள். செந்தூரில் சுண்டிக் காட்டினேன், எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கோன் பெட்டிகளை வரிசையாக வைத்து, யார் எந்த அறையில் உட்கார்ந்து யாரை எழுப்பிவிட்டார்கள் என்று விளக்கினேன். பந்தியில் இடம் மாறி உட்காருவதன் கஷ்டம் கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. உடனே புரிந்துகொண்டார்கள். புரிந்ததும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், ஏனென்றால் ஒன்றில் தொடங்கச் சொன்னது ஐயாதான் என்பது காலையிலேயே எல்லோர் காதிலும் விழுந்திருந்தது.

"இதை இத்தனை பேர்த்துக்கு முன்னால சொல்லோணுமாங்க அம்மிணி?"

"அவர் தூங்குனார்னு இத்தனை பேர்த்துக்கு முன்னாலதானுங்களே சொன்னீங்க."

ஐயாவின் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது.

"அப்ப ஒண்ணுல ஆரம்பிச்சது தப்புங்கறீங்க."

"ஒண்ணு தப்பில்லீங்க. முடியாதுன்னு சொல்லாம சரீன்னு சொன்ன நான் தப்பு."

அவர் முத்துராசுவைப் பார்த்து, போய் ஊசி மாத்துப்பா என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. முதலாளிகளுக்கு அந்த வார்த்தைக்கு அறை ஒதுக்கப்படவில்லை. முத்துராசு பையைத் திறந்து, மடித்த சட்டையை மறுபடி ஆணியில் மாட்டினார். மேசையில் செல்வி முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

நான் அங்கேயே உட்கார்ந்து நாலு பூஜ்யத்தையும் பழையபடி வைத்தேன். END-க்குக் கீழே இருந்த வரியை அழித்தேன். உடைந்த ஊசிகளுக்குப் புது ஊசிகள் நானே வாங்கி வந்து கொடுத்தேன். அடுத்த ஐந்து போர்டுகளைப் பற்றி ஐயா பேச்சே எடுக்கவில்லை. கோயமுத்தூரிலிருந்து வேறு யாரோ வந்து அளவெடுத்துப் போனதாகக் கேள்விப்பட்டேன். நாலு பூஜ்யம் வைத்தேன், வரும்படியும் அதுதான் கிடைத்தது என்று அத்தாவிடம் சொன்னேன். அவர் பர்ஸிலிருந்து ஒரு 786 நோட்டை எடுத்துக் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். செலவு செய்துவிடாதே என்றும் சொன்னார்.

பரம்பரை வழக்கம்

ஒன்றரை வருடம் கழித்து ஐயாவிடமிருந்து போன் வந்தது. செந்தூரின் போர்டு ஒரு வழியாகச் செத்துவிட்டதாம். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நான் செய்துகொண்டு போனேன். இந்த முறை லேப்டாப்பைத் திறக்கவில்லை. கற்றுக்கொண்டேன்.

மறுபடியும் மாலை, பொரிகடலை, கற்பூரம். வெளியூரிலிருந்து துணி வாங்க வந்த ஒரு வியாபாரியும் பூஜைக்கு நின்றிருந்தார். தேங்காய் உடைத்தார்கள். செந்தூர் சுற்றத் தொடங்கியது. சோதிக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் ஐயா முத்துராசுவுக்குக் கண்ணைக் காட்டினார். முத்துராசு செருப்பைக் கழற்றிவிட்டு மிஷினிடம் போனார். ஒரு நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பட்டென்று அறுத்தார். கம்பி விழுந்தது. மிஷின் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்குத்தான் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

வெளியூர்க்காரர் திகைத்துப்போனார். நல்ல காரியத்தில் நூலை அறுக்கிறீர்களே என்று கேட்டார்.

"எங்க ஐயன் காலத்துலருந்து இதுதானுங்க வழக்கம்" என்றார் வேலுச்சாமி ஐயா, என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே.

அவருடைய அப்பா காலத்தில் இந்த மிஷினே இந்தியாவுக்கு வரவில்லை. நான் ஆமாங்க என்றேன். இந்த ஆமாம் சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை.

கூட்டம் கலைந்தபின் முத்துராசு டீ கொண்டுவந்து கொடுத்தார். அந்த நாள் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன் என்பதை அவரிடம் சொல்லவேண்டும் என்று வெகு நாளாக இருந்தது. சொன்னேன்.

"தெரியும்க்கா. கிளாஸு காலியாத்தானே இருந்துச்சு" என்றார்.

அதன்பின் எத்தனையோ போர்டு செய்துவிட்டேன். ஒவ்வொரு கோப்பிலும் END-க்குக் கீழே ஒரு வரி எழுதி வைக்கிறேன். அசெம்ப்ளர் அதைப் படிக்காது. சிப்புக்கு அது போய்ச் சேராது. ஒவ்வொரு முறை கோப்பை மூடும்போதும் நான் படிக்கிறேன்.

முத்துராசு தூங்கவில்லை.